அறுபத்தொன்றாம் நம்பர் வில்லை

செயின்ட் ஜான்ஸ் துறைமுகம்
மே 30

சிரில் அண்ணனுக்கு,

தங்கை பெர்னடின் எழுதுகிறேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, கூடுதல்தான் இருக்கிறது. கப்பலில் கொடுத்த வெள்ளைக் கோட்டில் நடு இரண்டு பொத்தான்கள் எதிரெதிரே நின்று பார்த்துக்கொள்கின்றன, தொட்டுக்கொள்ள வழியில்லை. உன் இடது முழங்கால் எப்படி? மழைக்கு முன்னால் வலிக்கிறதா, பின்னாலா?

போனில் நீ மூச்சுவிடுவதைக் கேட்க நிமிஷத்துக்குக் காசு கொடுக்க முடியாது என்பதால் இனிமேல் கடிதம்தான். நாளை புறப்படுகிறோம். கிரீன்லாந்தின் மேற்குக் கரை, பிறகு பாஃபின் தீவு, மறுபடி கிரீன்லாந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய பயணிகளை விமானம் ஏற்றிப் போகும், அதே விமானம் புதியவர்களைக் கொண்டுவந்து கொட்டும். தபால் பையும் அதில்தான். செப்டம்பர் கடைசிவரை இப்படி. நூற்றிநாற்பது பேருக்கு ரொட்டி சுட வேண்டியது என் பாடு. பள்ளிக்கூடத்தை மூடி என் சமையலறையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எனக்கு வந்த ஒரே வேலை இதுதான்.

ஆள் எடுத்தவர் கேட்டார், கடல் பழக்கம் உண்டா என்று. "ஹேனன்ஸ் டிக்கிள்காரி சார் நான். எங்க ஊர்ல நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே வாந்தி எடுக்கப் பழகிடுவோம்" என்றேன். அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஊர் முழுக்க ஒரே பேச்சாம். பக்கத்து வீட்டு ஜெர்ட்டி பஸ் நிறுத்தம் வரை வந்து என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "உன் புருஷனை முழுங்கினது பனிப்பாறை. அதோட பொறந்த வீட்டுக்கே ரொட்டி சுடப் போறியா பெர்னி?" எனக்குப் பதில் வரவில்லை. எனக்கே பதில் வராதது ஊரில் இன்னொரு பேச்சாகியிருக்கும்.

உன்னிடம் சொல்கிறேன். டெர்மட் போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷம், தண்ணீரைக் கையால் தொடக்கூடிய உயரத்தில் இருக்கும் எந்தப் படகிலும் நான் கால் வைத்ததில்லை. இந்தக் கப்பலில் பயணிகளை ரப்பர் படகில் ஏற்றிப் பனிப்பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். இடம் இருந்தால் வேலைக்காரர்களும் போகலாம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு தரம் ஏறிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஏறாமல் திரும்பினால் சாகும்வரை ஏறமாட்டேன்.

மற்றொன்று. போன வாரப் புயலில் ஊரே கரண்டு இல்லாமல் கிடக்க, நீ ஒரு விளக்குகூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜெனரேட்டரை அந்தக் கிழட்டு ஃப்ரீசருக்கு மட்டும் ஓட்டினாயாம். "உள்ள யாரையாவது குடி வச்சிருக்கானா உங்கண்ணன்?" என்கிறாள் ஜெர்ட்டி.

உடம்பைப் பார்த்துக்கொள். கப்பல் கம்பெனியின் செயின்ட் ஜான்ஸ் அலுவலகத்துக்கு எழுதினால் பையில் போட்டு அனுப்புவார்கள்.

உன் வாயாடித் தங்கை,
பெர்னடின்


ஹேனன்ஸ் டிக்கிள்
ஜூன் 15

பெர்னிக்கு,

சிரில் எழுதியது. முழங்கால் இருக்கிறது. நானும் இருக்கிறேன். நீ இரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதே.

கேப்லின் மீன் முட்டையிடக் கரையேறிப் புரள ஆரம்பித்தாயிற்று. ஊர் வாளியோடு நிற்கிறது. ஜெர்ட்டி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், மீன்மேலேயே. அடி ஒன்றும் இல்லை. மீனுக்குத்தான்.

ஐஸ் நம் வாசலுக்குச் சும்மாவே வருகிறது. அதன் வீட்டுக்குப் போய் ரொட்டி சுடுகிறாய். நல்லது.

இந்த வருஷமும் ஒன்று வந்து ஊருக்கு எதிரே தரை தட்டி நிற்கிறது. பெரியது. சமையலறை ஜன்னலில் போர்வை தொங்கவிட்டிருக்கிறேன், வெயில் கண்ணில் அடிக்கிறது என்று.

ஃப்ரீசரில் மீன் இருக்கிறது. ஜெர்ட்டியிடம் அப்படியே சொல்.

சின்னப் படகைப் பற்றி எழுதியிருந்தாய். ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம்.

சிரில்


மேற்கு கிரீன்லாந்து
ஜூன் 27

அண்ணனுக்கு,

உன் பதினைந்து வரிக் கடிதம் கிடைத்து, அதைப் பதினைந்து நாளைக்கு வைத்துப் படிக்கலாம் என்று வரிக்கு ஒரு நாளாகப் பங்கிட்டுக்கொண்டேன். மாத்திரை தவறவில்லை. முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடு. அது என் யோசனை இல்லை, கப்பல் டாக்டருக்கு ஒரு தட்டு ரொட்டி கொடுத்து வாங்கிய யோசனை.

பதினான்காம் தேதி எனக்கு ஐம்பத்துநான்கு முடிந்தது. நீ மறுநாள்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் வாழ்த்து இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு தேதியை மட்டும் உன் காலண்டரில் எலி தின்றுவிடுகிறது. போகட்டும்.

இங்கே யாரும் சுற்றுலா வந்ததாகச் சொல்லக் கூடாது. எல்லாரும் ஆய்வுப் பயணிகள். ஒரே நிறச் சிவப்புக் கோட்டு, ஒரே ரப்பர் பூட்ஸ். கரைக்குப் போகுமுன் பூட்ஸைக் கழுவி, பாக்கெட்டைத் தூசி உறிஞ்சும் குழாயால் உறிஞ்சுகிறார்கள், ஊரிலிருந்து ஒரு புல்விதைகூட வந்து முளைத்துவிடக் கூடாதாம். மிஷிகனிலிருந்து வந்து, அடுத்தடுத்து இரண்டு பயணத்துக்குச் சீட்டு எடுத்திருக்கும் திருமதி வேண்டர்மீருக்கு எண்பத்தொரு வயது. அவள் பாக்கெட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய கல்யாண அழைப்பிதழும் பாதி பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்டாள்.

படகுக்கு இறங்கும் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை, நம்பரோடு. ஒரு பக்கம் வெறும் பித்தளை, மறுபக்கம் சிவப்பு. படகில் ஏறும்போது சிவப்பு தெரியும்படி திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். ஒரு சிவப்பு மிச்சம் இருந்தாலும் கப்பல் நகராது. போன வாரம் ஓஹையோ பல் டாக்டர் ஒருவர் திருப்ப மறந்து நேரே வெந்நீர்த் தொட்டியில் போய்ப் படுத்துவிட்டார். அவரைத் தேடி மூன்று படகு கரைக்குப் போயிற்று. என் நம்பர் அறுபத்தொன்று.

என் அடுப்பறை தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலே. ரொட்டித் தட்டளவு வட்ட ஜன்னல் ஒன்று. நேற்று அதிகாலை மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. மூடுபனி என்று நினைத்தேன். மூடுபனிக்கு விளிம்பு ஏது? ஒரு பாறை என்னைக் கடந்துபோய்க்கொண்டிருந்தது. மூன்று தட்டு ரொட்டி வெந்து இறங்கும் நேரம், அது முடியவே இல்லை. நம் மாதா கோவிலை, மணிக்கூண்டோடு, மீன் தொழிற்சாலையையும் சேர்த்துத் தூக்கி அதன் தோளில் வைத்தாலும் அது கவனித்திருக்காது. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் இருந்த நீலத்துக்குப் பேர் தெரியாமல் மாவுக் கையோடு நின்றேன். நாலாவது தட்டு கருகிவிட்டது. அதை "ஆர்க்டிக் மொறுமொறு ரொட்டி" என்று எழுதி வைத்தேன். முதலில் தீர்ந்தது அதுதான்.

படகில் இன்னும் ஏறவில்லை. வேலை அதிகம்.

குளிரில் வெளியே நிற்காதே.
பெர்னடின்


அதே இடம்
ஜூலை 11

அண்ணனுக்கு,

பையில் உன் கடிதம் இல்லை. முழங்கால்தானே வலி, கை இல்லையே? நான் சுகம். ஒரு சுற்று இளைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பாவமன்னிப்புக்கு இங்கே பாதிரியார் இல்லை.

சந்தோஷச் செய்தி. ஏறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, காலை ரொட்டி முடிந்ததும், படகோட்டி பிப்பலுக் கையைப் பிடித்து இறக்கினாள். பிப்பலுக் கிரீன்லாந்துப் பெண், முப்பது வயது, நான் சுடும் வெல்லப்பாகு ரொட்டிக்காகத் தன் சொத்தை எழுதி வைப்பாள். பத்துப் பேர் ரப்பர் விளிம்பில் உட்கார்ந்தோம். ஒரு பாறையை முழுதாகச் சுற்றிவந்தோம். ஒரு பக்கம் பளிங்குபோல் வழவழப்பு. மறுபக்கம் யாரோ பெரிய முள்கரண்டியால் கீறியதுபோல் வரிவரியாக. அடியில், தண்ணீருக்குள், இளம்பச்சையாக ஒரு தரை விரிந்து போய்க்கொண்டே இருக்கிறது. மேலே தெரிவது அதன் தொப்பி மட்டும்தான். உச்சியில் வெயில் பட்டு ஒரு குளம். அதிலிருந்து ஒரு சின்ன அருவி. நடுவில் ஒரு வளைவு, நம் ஊர்ப் படகு நாலு சேர்ந்து உள்ளே போகலாம். திருமதி வேண்டர்மீர் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பயம் எல்லாம் வெறும் நினைப்புதான் என்று தெரிந்துகொண்டேன்.

எட்டுப் பக்கம் இதோடு இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், அளவு உட்பட. ஜெர்ட்டிக்கும் படித்துக் காட்டு.

நீ எழுது. நாலு வரியாவது.
பெர்னடின்


ஹேனன்ஸ் டிக்கிள்
ஜூலை 18

பெர்னிக்கு,

சிரில். சுகம். உப்பு ஒத்தடம் கேட்கிறது. மாத்திரை தீரும் முன்னே டாக்டரிடம் சொல்லி வாங்கிக்கொள்.

எட்டுப் பக்கத்தையும் மூன்று தரம் படித்தேன். ஜெர்ட்டிக்குப் படித்துக் காட்டவில்லை.

நன்றாக எழுதியிருக்கிறாய். நிறம் இருக்கிறது. உயரம் இருக்கிறது. அருவிகூட இருக்கிறது. எட்டுப் பக்கத்தில் ஒரு சத்தம் இல்லை.

பாறைக்குப் பக்கத்தில் படகில் உட்கார்ந்து வந்தவன் முதலில் சத்தத்தைத்தான் சொல்வான். ஐஸ் ஊமையாக இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பவர்களுக்குத்தான்.

எனக்காகப் பொய் எழுத வேண்டாம். எனக்காக ஏறவும் வேண்டாம்.

முள்ளங்கி நன்றாக வந்திருக்கிறது.

சிரில்


அடுப்பறையிலிருந்து
ஜூலை 25

அண்ணனுக்கு,

உடம்பு நலம். முகம்தான் நலமில்லை, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அடுப்பைத் திறக்காமலே சிவந்து கிடக்கிறது.

ஏறவில்லை. எல்லாம் திருமதி வேண்டர்மீர் சொன்னது. தினமும் படகிலிருந்து வந்ததும் சூடான ரொட்டிக்காக என் கதவைத் தட்டுவாள். ஒரு ரொட்டிக்கு ஒரு பனிப்பாறை என்று விலை பேசிக்கொண்டேன். நல்ல கிழவி, ஆனால் காதில் இரண்டு பக்கமும் மிஷின். படகில் காற்று இரைகிறது என்று அதை அணைத்துவிடுவாளாம். ஆக, நான் வாங்கியது அத்தனையும் சத்தமில்லாத சரக்கு. பொய் சொல்வதற்கும் ஆள் பார்த்துச் சரக்கு எடுக்க வேண்டும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

உண்மை இதுதான். மூன்று தரம் வாசல் வரை போனேன். கோட்டு, மிதவைச் சட்டை, எல்லாம் போட்டுக்கொண்டு. கடைசிப் படியில் நின்றால் கீழே ரப்பர் படகு மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குகிறது. கால் முன்னே போகவில்லை. முதல் தரம், அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்றேன். இரண்டாவது தரமும் ரொட்டி. மூன்றாவது தரம் பிப்பலுக் பலகையில் என் வில்லையைக் காட்டி, "அக்கா, எல்லார் வில்லையும் திருப்பித் திருப்பித் தேஞ்சு கெடக்கு. உன்னோடதுல மட்டும் கடை மினுமினுப்பு போகல" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. பிறகு கீழே வந்து, நூற்றிநாற்பது பேருக்குப் பிசைய வேண்டிய மாவை இருநூறு பேருக்குப் பிசைந்தேன்.

அவளுக்கு டெர்மட்டைப் பற்றித் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்னவோ. நம் ஊரில் நான் கடலைத் திரும்பிப் பார்த்தாலே நாலு வீட்டு ஜன்னல் திரை விலகும்.

ஒன்று சொல், அண்ணா. அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டது.

பெர்னடின்


ஹேனன்ஸ் டிக்கிள்
ஆகஸ்ட் 3

பெர்னிக்கு,

சுகம்.

சத்தத்தைச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது.

ஏறுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு ஏறு. பாறையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் விலகி நில். படகோட்டி பக்கத்தில் போனால் சத்தம் போடு, மரியாதை பார்க்காதே. தண்ணீர் மட்டத்தில் பழைய கோடு சாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை புரண்ட பாறை. வளைவுக்குள் போகவே கூடாது. எஞ்சினை அணைத்தாலும் படகின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பியே வைக்கச் சொல்.

முக்கியமானது பறவை. பாறைமேல் பறவை உட்கார்ந்திருக்கும். அது சும்மா உட்கார்ந்திருக்கும்வரை பயமில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒரு நொடி யோசிக்காதே. நம் காதுக்குக் கேட்காதது அவற்றின் காலுக்குத் தெரியும்.

டெர்மட்டோடு போன அன்றைக்கு எழுந்தன. எவ்வளவு வெள்ளை என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மாத்திரை போடு.

சிரில்


இலுலிசாட் அருகே
ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியில் எழுதுவது வழக்கத்துக்காக இல்லை.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எண்ணவில்லை. அந்தப் பறவை வரியை நீ எழுத இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அதைக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய், அறுபத்தொன்றாம் நம்பர் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பினேன். திருப்பிய வேகத்தில் அறுபத்திரண்டும் சேர்ந்து திரும்பிவிட்டது. அது எஞ்சின் மெக்கானிக்குடையது. அவரைப் பிறகு அரை மணி நேரம் தேடினார்களாம்.

படியில் நின்றேன். கால் போகவில்லை. பிப்பலுக்கிடம் அப்போதுதான் சொன்னேன், என் புருஷன் இப்படி ஒன்றுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பவில்லை என்று. அவள் படகிலிருந்து மேலே ஏறி வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். எட்டுப் பயணிகள் காத்திருந்தார்கள். பிறகு, "எங்க அப்பாவும் இதே தண்ணிலதான் போனாரு. தினம் இது மேலதான் படகு ஓட்டுறேன். வேற தண்ணி இல்லையே அக்கா" என்றாள். எழுந்து கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான். இறங்கியாயிற்று.

இதுதான் பிறந்த வீடு, அண்ணா. ஜெர்ட்டி சொன்னது சரி. மலைகளுக்கு நடுவே பனியாறு கடலுக்குள் வந்து முடிகிற இடம். உடைந்ததெல்லாம் வாசலில் வந்து தரை தட்டி நெருக்கியடித்து நிற்கிறது, திருவிழா முடிந்து ஊர் முழுக்க ஒரே கதவில் வெளியே வருவதுபோல். எதற்கும் அவசரமில்லை. ஒவ்வொன்றாக விடுபட்டு, வடக்கே போய்ச் சுற்றி, பிறகு தெற்கே திரும்பி, இரண்டு மூன்று வருஷம் கழித்து நம் வாசலுக்கு வருமாம். எதிரே நின்ற ஒன்று எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. அளந்து சொன்னார்கள், நம்பர் காதில் ஏறவில்லை. அதன் நிழலுக்குள் போனபோது குளிர் சட்டென்று கதவைத் திறந்ததுபோல் வந்தது. நிழலைவிட்டு வெளியே வர நிமிஷக்கணக்கானது. எனக்கு ஒரு வேடிக்கைகூடத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் முதல் தரம்.

மூன்று மடங்கு தூரத்தில்தான் நின்றாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு எஞ்சினை அணைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, காதுக்குப் பக்கத்தில் யாரோ வாணலியில் உப்புப் பன்றிக்கொழுப்பைப் போட்டதுபோல். பொரிகிறது. படபடவென்று, சுற்றிலும், தண்ணீர் முழுக்க. படகைச் சுற்றி மிதக்கும் சின்னச் சின்னத் துண்டெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் பெய்த பனி, அதில் மாட்டிக்கொண்ட காற்று, இப்போதுதான் வெளியே வருகிறது என்றாள் பிப்பலுக். அதை மூச்சில் இழுத்தேன். எங்கோ உள்ளே ஒரு இடி. கொஞ்ச நேரம் கழித்துப் படகு மெல்லத் தூக்கி இறங்கியது. நான் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. நாற்பத்தேழு பறவை.

அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெர்மட்டும் நானும் சமையலறைச் சுவருக்கு மஞ்சளா பச்சையா என்று ஒரு மாதம் சண்டை போட்டோமே, அந்த வருஷம் அவனை முழுங்கின பாறை இங்கிருந்து புறப்பட்டிருக்கும். எங்களைத் தேடி வரவில்லை. அதற்கு எங்கள் பேர் தெரியாது. இவ்வளவு பெரியதன்மேல் இத்தனை வருஷம் கோபமாக இருந்திருக்கிறேன், அதற்கு ஒரு துளிகூடத் தெரியாமல். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது பாறைமேல் இருந்த கோபமே இல்லை.

சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஐஸ் கேட்டது நான். என் முப்பத்திரண்டாவது பிறந்தநாள். ஆட்கள் வருகிறார்கள், கடை ஐஸ் வேண்டாம், டம்ளரில் போட்டால் பேசுகிற ஐஸ் வேண்டும் என்று காலையிலேயே டெர்மட்டைப் பிடுங்கினேன். அதற்காகத்தான் உன்னிடம் வந்து படகைக் கேட்டிருப்பான். பிறகு ஊர் முழுக்க, சிரில்தான் வீம்புக்குக் கூட்டிப்போனான் என்றது. மீன் தொழிற்சாலையில் உன்னோடு சாப்பிட உட்காராமல் இருந்தார்கள். நீ படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பிறகு தொடவே இல்லை. எல்லாம் பார்த்தேன். ஊரில் நடக்காததைக்கூடப் பேசுகிற வாய் இது. இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

பெர்னடின்


கப்பலிலிருந்து
செப்டம்பர் 5

அண்ணனுக்கு,

நலமா? நான் இருக்கிறேன்.

பை வந்தது. எல்லாருக்கும் கடிதம் இருந்தது. வெந்நீர் டாக்டர் ஊருக்குப் போயும் நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். உன்னிடமிருந்து இல்லை. தபால் தாமதம் என்றுதான் எண்ணுகிறேன். இனிப்பு ரொட்டியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். புதிதாக வந்தவர்கள், இது துருவத்து வழக்கம்போலிருக்கிறது என்று மரியாதையாக மென்றார்கள்.

பிப்பலுக் தினமும் கூப்பிடுகிறாள். இன்னும் நாலு தரம் போனேன். இரவில் இப்போது இருட்டு வருகிறது. தண்ணீர் விளிம்பில் புது ஐஸ் தோல் கட்டுகிறது. எவ்வளவு பார்த்தாலும் பழகவில்லை. உன் கடிதம் வந்தால் இன்னும் நன்றாகப் பார்ப்பேன்.

தங்கை


ஹேனன்ஸ் டிக்கிள்
செப்டம்பர் 12

பெர்னிக்கு,

சிரில். உடம்பு சுகம். இதை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். தாமதம் அதனால்தான், தபாலால் இல்லை.

நீ ஐஸ் கேட்டது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். படகைத் தள்ளும்போதே சொல்லிவிட்டான். "உன் தங்கச்சி மோதிரம் கேக்கல, கோட்டு கேக்கல. ஐஸ் கேட்டிருக்கா. மலிவா முடிஞ்சுது மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டே வந்தான்.

நான் சொல்லாததற்குக் காரணம், நீ அதை மறந்திருப்பாய் என்று நினைத்தேன். மறந்திருந்தால் ஞாபகப்படுத்தக் கூடாது. ஊர் என்னைச் சொன்னது சௌகரியமாகப் போயிற்று. உன் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் பிறந்தநாளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. எலி இல்லை.

இன்னொன்று உண்டு. ஃப்ரீசரில் மீன் இருக்கிறது என்றேன். மீன் மேலே. அடியில் வேறு.

பாறை புரள்வதற்கு முன் அவன் கைவலையால் ஒரு ஐஸ் துண்டை வாரிப் படகுக்குள் போட்டுவிட்டான். இரண்டாவதற்குக் குனிந்தபோதுதான் அலை வந்தது. நான் கரைக்கு வந்தபோது படகில் அது இருந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. எறிய முடியவில்லை. உன்னிடம் கொண்டுவரவும் முடியவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே காகிதம் சுற்றி வைத்தேன். மூன்று ஃப்ரீசர் மாறிவிட்டது. கரண்டு போனால் ஜெனரேட்டர். ஒருமுறை ஜெனரேட்டரும் கெட்டு, பனியில் குழி தோண்டி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது தலையளவு இருந்தது. ஃப்ரீசரே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இப்போது என் இரண்டு முஷ்டி அளவு இருக்கும்.

அது உன்னுடையது. நீ கேட்டது. நான் காவல் மட்டும்.

படகு அப்படியேதான் கவிழ்ந்து கிடக்கிறது. அதைப் பற்றி இப்போது கேட்காதே.

கப்பல் எந்தத் தேதி வரும் என்று எழுது. பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன்.

சிரில்


கப்பலிலிருந்து
செப்டம்பர் 19

அண்ணனுக்கு,

நலம். எழுதும்போது காகிதம் நனைந்தால் அடுப்பறை ஆவி என்று எடுத்துக்கொள்.

உன் கடிதம் இன்று வந்தது. படித்துவிட்டு மேலே போனேன். கடைசிப் படகு போய்விட்டுத் திரும்பியிருந்தது. என் வில்லை பித்தளைப் பக்கம்தான் இருந்தது, ஆனாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பிப்பலுக் பார்த்து, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி செயின்ட் ஜான்ஸ். இருபத்தொன்பது மாலை பஸ்ஸில் இறங்குவேன். பஸ் நிறுத்தத்தில் ஜெர்ட்டியும் நிற்பாள், நிற்கட்டும். அவளை வீட்டுக்குக் கூப்பிடு. ஊரில் நாலு பேரையும் கூப்பிடு. அன்றைக்கு யார் ஐஸ் கேட்டது என்பதை அவர்களுக்கு நான் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டதாகச் சொல். செப்டம்பரில் என்ன பிறந்தநாள் என்று கேட்டால், ஐஸ் இப்போதுதான் வந்தது என்று சொல்.

அதுவரை காகிதத்தை நீ பிரிக்காதே, அண்ணா. டம்ளரில் விழும்போது அது சொல்கிற முதல் வார்த்தையை நான் கேட்க வேண்டும்.

டெர்மட் எங்கள் கல்யாணத்தன்று கோவிலுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து, கையில் இரண்டு பெரிய காட் மீனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? பாதிரியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் வழக்கமே அதுதான். எங்கேயும் தாமதமாகத்தான் வருவான். ஆனால் வெறுங்கையோடு வரமாட்டான்.

உன் தங்கை,
பெர்னடின்